தொலைவிலுள்ள கார் சேலில் பழைய கார்: முற்பணம் அனுப்புமுன்

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கிறேன், மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். பேருந்தில் போய்வருவது சிரமமாக இருப்பதால் ஒரு கார் வாங்க முடிவு செய்தோம். கம்பஹா பக்கம் ஒரு கார் சேலில் 2014 ஆம் ஆண்டு தயாரித்து 2016 இல் இங்கே பதிவு செய்யப்பட்ட டொயோட்டா அக்வா ஒன்றைக் கணவர் வாட்ஸ்அப்பில் பார்த்து 68 இலட்சம் ரூபாவுக்குப் பேசி வைத்திருக்கிறார். மீற்றரில் 82,000 கிலோமீற்றர் காட்டுகிறது. ஜப்பானில் ஏலம் விட்டபோது வண்டியின் நிலையைக் குறித்த ஏலத் தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். அதில் 46,000 என்று இருக்கிறது. இரண்டு இலட்சம் முற்பணம் போட்டால் வண்டியை வைத்திருப்பார்களாம். மிச்சத்தைக் கட்டியதும் தங்கள் சாரதியிடம் வீட்டுக்கே அனுப்புவார்களாம். ‘ஓப்பன் பேப்பர்’ தயாராம். திருகோணமலையில் இதே மாதிரி வண்டிக்கு 71 இலட்சம் சொல்கிறார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் தம்பி முறையான ஒருவர் போய்ப் பார்க்கத் தயார். கணவர் அவசரப்படுகிறார், நான் இன்னும் பணம் அனுப்பவில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் இன்னும் அனுப்பவில்லை என்ற கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்தப் பதிலை நீங்கள் படித்து முடித்ததும் கணவருக்கும் அனுப்பிவையுங்கள். கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த பணம் என்பதால் அவருக்கும் இதில் சமமான அக்கறை இருக்கும்.

திருகோணமலையில் இருபத்தேழு ஆண்டுகளாகக் கராஜ் நடத்துகிறேன். கொழும்புப் பக்கம் வண்டி வாங்குவதே பிழை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அங்கே தெரிவு அதிகம். நம் ஊரில் ஒரே மாதத்தில் நல்ல நிலையிலுள்ள அக்வா மூன்றைப் பார்ப்பதே அரிது. அதோடு, நிலாவெளி, உப்புவெளிக் கரையோரத்தில் பல ஆண்டுகள் நின்ற வண்டிகளின் அடிப்பாகத்தை உப்புக் காற்று தின்றிருப்பதை வாரந்தோறும் காண்கிறேன். ஆகவே ஏறத்தாழ 250 கிலோமீற்றருக்கு அப்பால் தேடியது தவறல்ல. வண்டி ஓரிடத்தில், பத்திரம் இன்னோரிடத்தில், பணம் மட்டும் முன்னதாகப் புறப்படுவது என்ற ஏற்பாடுதான் தவறு. உங்களிடம் அவர்கள் கேட்பது அதுதான். வண்டி, அசல் பத்திரம், பணம், நீங்களோ உங்கள் நம்பிக்கைக்குரியவரோ, இந்த நான்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேரும்வரை ஒரு ரூபாவும் கைமாற வேண்டாம். இனி எழுதுவதெல்லாம் அந்த நாளுக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றியது.

முதலில் மீற்றர். ஏலத் தாளில் 46,000, இப்போது 82,000 என்றால், 2016 இலிருந்து இந்த ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் வண்டி இலங்கையில் ஓடியது 36,000 கிலோமீற்றர் மட்டுமே. மாதத்துக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். கம்பஹாவிலிருந்து கொழும்புக்கு ஐந்தாறு முறை போய்வந்தாலே அந்தத் தூரம் முடிந்துவிடும். 2020 இல் ஊர் முடங்கியிருந்தது, 2022 இல் எரிபொருள் இல்லை என்று விற்பவர் சொல்லக்கூடும். ஆனால் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் கிடைத்தது என்பதும், ஹைப்ரிட் வண்டியான அக்வா அந்த 20 லீற்றரில் முந்நூறு கிலோமீற்றரைத் தாராளமாகத் தாண்டும் என்பதும் உங்கள் நினைவில் இருக்கட்டும். அவ்வளவு குறைவாக ஓடிய வண்டியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஒருவர் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்த வண்டியாக இருக்கலாம். அப்படியானால் அந்த உரிமையாளர் யார், எங்கே சேர்விஸ் செய்தார், சேர்விஸ் பில்கள் எங்கே என்று கேளுங்கள். ஒரு பில்கூட இல்லை என்றால் மீற்றர் குறைக்கப்பட்டிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். மீற்றரைக் குறைக்கும் கை, தேய்ந்த பிரேக் மிதியின் இறப்பரையோ, ஏறி இறங்கி நசுங்கிய சாரதி ஆசனத்தின் வலப்பக்க ஓரத்தையோ, பளபளப்பேறிய ஸ்டியரிங்கையோ பெரும்பாலும் கவனிப்பதில்லை. தம்பியை அந்த மூன்றையும் கிட்டவாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஏலத் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கணவர் அதைப் பெரிதும் நம்பியிருப்பதாகத் தெரிகிறது. அந்தத் தாள் உண்மையானதாகவே இருக்கட்டும். அது ஜப்பானை விட்டுக் கப்பலேறுமுன் வண்டி இருந்த நிலையை மட்டுமே சொல்கிறது. அதன் பிறகு நம் வீதிகளில் நடந்த எதுவும் அதில் இல்லை. நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் பழைய அக்வாக்களில் பெரும்பாலானவை இங்கேயே பல ஆண்டுகள் ஓடியவை. 4, 4.5 என்று நல்ல தரம் காட்டும் தாளைப் பார்த்து இன்றைய வண்டியை மதிப்பது, பத்து வருடத்துக்கு முந்திய இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து இன்று மருந்து எழுதுவதற்குச் சமம். அந்தத் தாளில் ஒன்றை மட்டும் பாருங்கள்: அதிலுள்ள சேசி இலக்கமும் வண்டியில் பொறித்துள்ள இலக்கமும் ஒன்றா என்பதை. தரத்துக்குரிய கட்டத்தில் ஆர், ஆர்.ஏ. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், ஜப்பானிலேயே விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்ட வண்டி என்று பொருள்.

அடுத்தது வெள்ளம். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகி, கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு என் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கொழும்புப் பக்கமிருந்து ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கி வந்தார். வாங்குமுன் எனக்குப் படங்களை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். படத்தில் பெயின்ட் சுத்தமாகத் தெரிந்ததால், பிழையில்லைப் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நான்கு மாதத்தில், ஒரு கதவின் கண்ணாடி கீழிறங்கவில்லை என்று வண்டியைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். கதவைக் கழற்றுமுன் ஏதோ தோன்றிப் பின் ஆசனப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தேன். கடைசி ஒரு முழத்தில், சுருளுக்குள் எப்போதும் மறைந்திருக்கும் பகுதியில், சாயத் தேநீர் நிறத்தில் குறுக்காக ஒரு கறைக்கோடு இருந்தது. தரைவிரிப்பைத் தூக்கினால் அரித்தெடுத்த மாப்போல மென்மையான வண்டல். ஆசனத் தண்டவாளத்தின் ஆணிகள் துருவேறி இருந்தன; வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. அந்த வண்டிக்கு அவர் பின்னர் செலவழித்த பணத்தில் இன்னொரு சிறிய வண்டியே வாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து எவருக்கும் படத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதில்லை. உங்கள் அக்வாவின் படங்களைப் பற்றியும் இங்கே எதுவும் சொல்லாதது அதனால்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் அதைவிடப் பெரியது. களனிப் பள்ளத்தாக்கும் கம்பஹா மாவட்டத்தின் பல இடங்களும் நீரில் நின்றன. அந்த வண்டிகள் கழுவி, காயவைத்து, மணம் போக வாசனைத் திரவியம் அடித்து, இப்போதுதான் சந்தைக்கு வரும் காலம். அந்தக் கார் சேல் அப்படிப்பட்டதை விற்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆண்டு அந்தப் பக்கம் வாங்கும் எந்த வண்டியிலும் எல்லா ஆசனப் பட்டிகளையும் கடைசிவரை இழுத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. உதிரிச் சக்கரம் வைக்கும் குழியையும் பாருங்கள். புத்தம்புதிய தரைவிரிப்புப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அக்வாவில் வெள்ளத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. அதன் ஹைப்ரிட் பற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே, தரையோடு இருக்கிறது; 144 வோல்ட், 20 தொகுதிகள். கதவுப் படி அளவுக்கு உள்ளே நீர் ஏறினாலே அது பாதிக்கப்படும். வெள்ளம் படாவிட்டாலும் அந்தப் பற்றரியின் ஆயுளைக் குறைப்பது வெப்பம். பின் ஆசனத்தின் பக்கத்தில், கால் வைக்கும் உயரத்தில், சிறு துவாரங்களுள்ள பிளாஸ்ரிக் மூடி ஒன்று இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதைத் தம்பி திறந்து பார்க்கட்டும். தூசியும் முடியும் கம்பளிப் போல அடைத்திருந்தால் அந்தப் பற்றரி பல வெயில்களைக் காற்றில்லாமல் கடந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எந்த ஹைப்ரிட் வாங்கினாலும் அந்த மூடிக்கு முன்னால் கொப்பிக் கட்டுகளையோ பைகளையோ அடுக்காதீர்கள். ஆசிரியர்களின் வண்டிகளில் நான் அடிக்கடி காணும் பிழை இது. ஆசனத்துக்குக் கீழே உயர் வோல்ட் மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களைக் கண்டால் தம்பி கையை வைக்கக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பற்றரியின் உண்மை நிலையைக் கண்ணால் அறிய முடியாது. ஸ்கேன் கருவியைப் பொருத்தி வண்டியை ஓட்டியபடி பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட் அளவையும் பார்க்க வேண்டும். சுமை ஏறும்போது ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடக் கீழே விழுந்தால் அந்தப் பற்றரி தளர்ந்துவிட்டது. அதே ஸ்கேனில், வண்டியின் கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதும் தெரியும். அழித்த பிறகு பத்துக் கிலோமீற்றர்தான் ஓடியிருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காகவே எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள். இதைச் செய்யத் தம்பியால் முடியாது. வாகனப் பரிசோதனை செய்து எழுத்தில் அறிக்கை தரும் நிலையங்கள் கொழும்புப் பக்கம் பல உள்ளன. அப்படிப்பட்ட ஒன்றை நீங்களே தெரிவு செய்து, நீங்களே கட்டணம் கட்டி, அறிக்கை உங்கள் கைக்கு நேரே வரும்படி ஒழுங்கு செய்யுங்கள். கார் சேல் சிபாரிசு செய்யும் பரிசோதகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். வெளியே பரிசோதிக்க வண்டியைத் தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால், 68 இலட்சத்தை 60 ஆகக் குறைத்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு வேறொரு வேலை இருக்கிறது. வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய், முதலில் பொனற்றின் மேல் கையை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் அவர்கள் எஞ்சினை ஏற்கனவே ஓட விட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது வரும் புகையும் சத்தமும் உங்களுக்குத் தெரியாமல் போகும். ரயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் திகதி இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். நான்கு ரயரும் பழையதென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள்.

இனிப் பத்திரங்கள். ‘ஓப்பன் பேப்பர்’ என்பதைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். பதிவு செய்த உரிமையாளர், வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த உரிமை மாற்றப் படிவங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் படிவம் எத்தனை கை மாறி வந்தது என்பதை நீங்கள் அறிய மாட்டீர்கள். கையெழுத்திட்டவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். படிவத்தில் ஏதேனும் பிழையிருந்து மீண்டும் அவர் கையெழுத்து தேவைப்பட்டால் யாரைத் தேடுவீர்கள்? அவர் பெயரிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கையில் விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணம் கேட்பதிலும் பொலிசில் விளக்குவதிலும் வரும் அலைச்சலைப் பலர் என் கராஜில் இருந்தபடியே சொல்லி அழுதிருக்கிறார்கள். வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள தற்போதைய உரிமையாளர், தன் தேசிய அடையாள அட்டையோடு நேரில் வந்து, உங்கள் பெயர் நிரப்பிய படிவத்தில் உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். கார் சேலுக்கு இது சிரமமான காரியமல்ல, மனமிருந்தால்.

பதிவுச் சான்றிதழின் அசலைப் பாருங்கள், பிரதி போதாது. ‘அப்சலூட் ஓனர்’ (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் நிறுவனமொன்றின் பெயர் இருந்தால், கடன் முழுவதும் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும்வரை வண்டி சட்டப்படி அந்த நிறுவனத்தினுடையது. ‘மிச்சத்தை நாங்கள் கட்டிவிடுவோம்’ என்ற வாய்வார்த்தைக்குப் பெறுமதி இல்லை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தினால் வண்டியின் பதிவு விவரங்களைப் பெறலாம். இதை உப்புவெளியில் வீட்டிலிருந்தே இன்றிரவு செய்துவிடலாம். பயணம் புறப்படுமுன் செய்யும் முதல் வேலையாக இது இருக்கட்டும். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காலாவதியாகாமல் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருடைய பெயரில் பதிவு செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் பெயரில் பதியுங்கள். கணவர் பெயரில் பதிந்தால், நாளை விற்கும்போதும் வேறு கையெழுத்துத் தேவைப்படும்போதும் அவர் வர வேண்டும் அல்லது அவருக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவத்தை அங்கிருந்து அனுப்ப வேண்டும். வண்டியை ஓட்டப் போவதும் காப்புறுதிக்காரரோடு பேசப் போவதும் நீங்கள்தானே.

பணத்தைப் பற்றி. வண்டியைப் பிடித்து வைக்க ஏதேனும் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர்கள் நின்றால், பரிசோதனை அறிக்கை கிடைத்து அதில் நீங்கள் திருப்தியடைந்த பிறகு, இரண்டு இலட்சம் அல்ல, இருபத்தையாயிரம் கொடுங்கள். அதையும் விற்பனையாளரின் சொந்தக் கணக்குக்கு அல்லாமல், நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே போடுங்கள். சேசி இலக்கம், முழு விலை, பத்திரத்தில் குறை கண்டால் பணம் திருப்பித் தரப்படும் என்ற வாக்கியம் ஆகியவை அடங்கிய பற்றுச்சீட்டு முன்கூட்டியே வர வேண்டும். மீதிப் பணத்தை அவர்கள் ஊரிலுள்ள உங்கள் வங்கியின் கிளையில், உரிமையாளர் கையெழுத்திட்ட படிவமும் அசல் சான்றிதழும் சாவி இரண்டும் உங்கள் கைக்கு வரும் அதே நேரத்தில் மாற்றுங்கள்.

இறுதிப் பற்றுச்சீட்டில் மூன்று விடயங்களை எழுதுவியுங்கள்: மீற்றர் அளவு உண்மையானது, வண்டி வெள்ளத்தில் மூழ்கவில்லை, பெரும் விபத்தில் சிக்கவில்லை. நம் நாட்டின் பொருள் விற்பனைச் சட்டம் 1896 ஆம் ஆண்டினது; வாங்குபவர் பரிசோதித்து வாங்கிய பொருளில், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குப் பின்னர் விற்பவரைப் பிடிப்பது அதன்படி கடினம். எழுத்தில் உறுதி இருந்தால் நுகர்வோர் விவகார அதிகார சபையிடமோ சட்டத்தரணியிடமோ போகும்போது கையில் ஏதாவது இருக்கும். ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சிட்ட சீட்டில் கையெழுத்திடாதீர்கள். ஆறு மாத உத்தரவாதம் தருகிறோம் என்றால், திருகோணமலையிலுள்ள கராஜிலேயே திருத்தலாம் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நின்றுபோன வண்டியை 250 கிலோமீற்றர் கட்டியிழுத்துப் போகும் செலவு உங்களுடையது, அந்த உத்தரவாதத்தால் பயனில்லை.

மூன்று இலட்சம் வித்தியாசத்தைப் பற்றி என் கருத்து: பரிசோதனைக் கட்டணம், இரண்டு பேரின் பயணம், வரும் வழிக்கு எரிபொருள், தேவைப்பட்டால் ரயர்கள் என்று கணக்கிட்டால் அது ஒரு இலட்சத்துக்குள் சுருங்கிவிடலாம். ஆகவே இங்கே 71 இலட்சம் சொல்லும் வண்டியையும் தள்ளிவிடாமல், இதே பரிசோதனைகளை அதற்கும் செய்யுங்கள். அதன் உரிமையாளரை உங்களுக்குத் தெரிந்த யாராவது அறிந்திருப்பார்கள்; கரையோர வண்டியாதலால் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்த்துத் துருவைக் கணிப்பது மட்டும் மேலதிக வேலை. அறிக்கை இரண்டும் ஒரே தரத்தில் வந்தால் நான் உள்ளூர் வண்டியையே எடுப்பேன்.

கம்பஹா வண்டி தேறினால், அவர்களுடைய சாரதி கொண்டுவர வேண்டாம். உங்கள் பெயரில் முழுக் காப்புறுதி எடுத்த பிறகு, நீங்களோ உங்கள் ஆளோ ஓட்டி வாருங்கள். காலையில் வேலையை முடித்து நண்பகலுக்கு முன் புறப்பட முடியாவிட்டால் அன்றிரவு தம்பி வீட்டில் தங்கிவிடுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிய பின் வீதியில் யானை நிற்கும், புது வண்டியின் விளக்கும் பிரேக்கும் உங்களுக்கு இன்னும் பழகியிருக்காது. ஊர் வந்த அடுத்த வேலை நாளிலேயே உரிமை மாற்றத்துக்கான பத்திரங்களைச் சமர்ப்பித்து, அதற்கான சீட்டின் பிரதியொன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் பாடசாலை விட்டு வரும் வழியில் பற்றரியின் காற்று மூடியை எந்த நல்ல கராஜிலாவது கழற்றிச் சுத்தம் செய்வித்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியால வேலைதான்.